ஹாலோவீன் இரவில் பேய்ப்படம்: இருட்டும் இரைச்சலும்

வணக்கம். அமெரிக்காவில் குடியிருக்கும் தாங்கள், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாள் (அக்டோபர் 31) வரும் வாரத்தில் வீட்டில் பேய்ப்படம் பார்த்தால் இருட்டுக் காட்சிகள் வெறும் கருப்பாகத் தெரிவதாகவும், வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த அலறலில் குழந்தை விழித்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் ஒலியைக் கவனியுங்கள். திரையரங்கிற்காகச் செய்யப்படும் ஒலிக்கலவையில் முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் இடைவெளி மிக அதிகம். தொலைக்காட்சியில் 'நைட் மோட்' இருந்தால், அது உரத்த ஒலியை அடக்கி மெல்லிய ஒலியை உயர்த்தித் தரும். படம் பார்க்கும் செயலியில், ஆறு ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலித்தடத்துக்குப் பதிலாக, இரண்டு ஒலிபெருக்கிகளுக்கான ஸ்டீரியோவையும் முயன்று பாருங்கள்.

படத்துக்கு, அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கச் செய்யும் மின்சிக்கன வசதியை அணைத்துவிட்டு, 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' அமைப்புக்கு மாறுங்கள். 1978-இல் வெளிவந்த ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' படத்தில், கதாநாயகிக்குப் பின்னால் இருண்ட வாசலிலிருந்து கொலைகாரனின் வெளிறிய முகமூடி மெல்ல மெல்லத் துலங்கும் காட்சி ஒன்று உண்டு. திரை சரியாக இல்லாவிட்டால் அந்த அற்புதமான அச்சம் முழுவதும் வீணாகிவிடும் என்பதால், அதையே சோதனைக் காட்சியாகக் கொண்டு, இருள் சாம்பல் பூக்காமல் முகமூடி மட்டும் தெரியும் அளவுக்குப் பிரைட்னஸைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

அக்டோபர் 31 அன்று மட்டும், வாசல் விளக்கை அணைத்த பிறகே படத்தைத் தொடங்குங்கள். விளக்கு எரியும் வரை மிட்டாய் கேட்டுப் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டிருப்பார்கள்.