இரண்டு விரலால் ஏறாத மரை

அன்புள்ள ஐயா,

நான் பாரிஸில் வேலை பார்க்கிறேன். பழைய சாமான் சந்தையில் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவின் எழுபதுகளின் ரேஸ் சைக்கிள் ஃப்ரேம் ஒன்று கிடைத்தது. பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பூட்டி வருகிறேன். இத்தாலியில் நடக்கும் எரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தில் ஓட்ட ஆசை. அங்கே 1987க்கு முந்தைய சைக்கிள்களுக்குத்தான் இடம். பல கம்பெனிப் பாகங்களைக் கலந்து போட்டால் அது பெஜோதானா? மறுபடி பெயின்ட் அடிக்கலாமா? இணையத்தில் வாங்கிய பி.பி. கப் (பெடல் அச்சைத் தாங்க ஃப்ரேமின் இரு பக்கமும் திருகும் கிண்ணம்) இடது பக்கம் மூன்று சுற்று ஏறி இறுகிவிட்டது, வலது பக்கம் பிடிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீள ஸ்பானரோடு உட்காரப் போகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்த ஸ்பானரைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பெயின்ட் உங்கள் இஷ்டம். கலப்பா? பெஜோவே கியருக்குச் சிம்ப்ளெக்ஸ், பிரேக்குக்கு மாஃபாக், கிராங்குக்கு ஸ்ட்ராங்லைட் என்று வெளியில் வாங்கிப் பூட்டிய கம்பெனிதான். இதற்கு இரண்டு பக்கம் கவலைப்பட்டுவிட்டு (கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்), ஃப்ரேமைக் கொல்லப்போகும் காரியத்தைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்கிறீர்களே!

உங்களுக்கு வந்திருப்பது இங்கிலீஷ் கப். அதில் வலது கப்புக்கு இடமரை, அதாவது இடப்பக்கம் சுற்றினால் இறுகும். அந்தக் காலத்து பிரெஞ்சு ஃப்ரேமில் இரண்டு பக்கமும் வலமரை. வலது பக்கம் பிடிக்காதது நல்லதாகப் போயிற்று. இடது பக்கம் ஏறியதுதான் வம்பு. பிரெஞ்சு மரை 35 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 1 மி.மீ. உள்ளே போகும். இங்கிலீஷ் மரை 34.8 சொச்சம், அங்குலத்துக்கு 24 மரை, அதாவது சுற்றுக்கு 1.058 மி.மீ. விட்டம் ஒரு துளி குறைவு என்பதால் தொடக்கத்தில் சமர்த்தாக உள்ளே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த 0.058 சேர்ந்துகொண்டே வரும். மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறீர்கள். அது கடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதே தப்பைப் பதினான்கு வயதில் செய்தேன். போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அப்பாவின் ராலே ஃப்ரேமை இறக்கினோம். நாட்டிங்ஹாமில் செய்தது, தாத்தா வாங்கியது. மற்றவர்கள் அங்குலத்துக்கு 24 மரை போட, ராலேக்காரன் அந்தக் காலத்தில் 26 போட்டான். அந்த வயதில் அது தெரியாமல் கடைத்தெருவில் வாங்கிய கப்பை வைத்துத் திருகினேன். இரண்டு சுற்றில் நின்றது. ஸ்பானரில் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்று மிதித்தேன். ஏறியது! சுருள் சுருளாக இரும்புத் தூள் உதிர்ந்ததைப் பழைய துரு என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் கடை மாமா அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு என் கப்பையும் ராலேயின் பழைய கப்பையும் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஓரத்தில் பல்லோடு பல் பொருந்தியிருந்தது. அங்கிருந்து தள்ளிப் போகப் போக நடுவே வெளிச்சம் தெரிந்தது. "ரெண்டு விரலால ஏறணும்டா. விரலுக்கு ஏறாதது ஸ்பானருக்கு ஏன் ஏறணும்?" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தார், பிறகு கடன் வாங்கி ஹெர்குலிஸ் எடுத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். பரணிலிருந்து இறக்கிய அன்று அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மரை இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

சரி, உங்கள் விஷயம். ஏறியதைக் கையாலேயே மெதுவாகப் பின்னால் சுற்றி எடுங்கள். மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்து உள்ளே துடையுங்கள். ஃப்ரேமோடு வந்த பழைய கப்பைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பாரிஸில் இருந்துகொண்டு பிரெஞ்சு மரை கப் கேட்டு வாங்கத் தெரியாமல் இங்கிலீஷ் கப்புக்கு ஆர்டர் போட்ட ஆளை என்ன சொல்வது?

சரியான கப் வந்ததும், விரலால் முழுக்க ஏறிய பிறகு, வலது பக்கத்தை நன்றாக முறுக்கி இறுக்குங்கள். வலமரை என்பதால் மிதிக்க மிதிக்க அது கழலப் பார்க்கும். இங்கிலீஷ்காரன் அந்தப் பக்கம் இடமரை வைத்ததே அதனால்தான். அப்போது அந்த நீள ஸ்பானர் வேண்டியிருக்கும்.