அரக்கனின் திறனைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

வாங்குவோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், குளிர்பதனப் பெட்டிக்காரர்களும் காப்பீட்டுக்காரர்களும் அடுத்த பகுதிவரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மேஜையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச ஆட்டம், குறிப்பாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பெங்களூரில் நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் மென்பொருள் அலுவலகங்களில் வேலைபார்க்கும் பெரியவர்களிடமும் நன்றாகவே பரவியிருக்கிறது; அதன் பின்னாலேயே புத்தகம், அட்டை, பொம்மை, பகடை என்று வியாபாரமும் வந்து சேர்ந்துவிட்டது. ஆட்டம் அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், ஒருவர் டி.எம். என்ற பெயரில் கதையையும் எதிரிகளையும் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஆடுவார்கள். சண்டை என்று வந்தால் அரக்கர்களுக்கு நகமும் பல்லும் போக, முடக்குவது, கல்லாக்குவது, நெருப்பு உமிழ்வது போன்ற சிறப்புத் திறன்களும் உண்டு. வந்த கடிதங்களில் உள்ள சண்டையும் பண விரயமும் அந்தத் திறன்களைச் சுற்றியே இருக்கின்றன. வேறு சொல்லாத இடங்களில், கீழே வரும் இந்த ஆட்டத்தின் எண்கள் 2014 பதிப்பின்படியானவை.

கேள்வி: மகனுக்காக ஆன்லைனில் அரக்கர் அட்டைக் கட்டு வாங்கினேன். "முழு விதிகளுடன்" என்று விளம்பரம் இருந்தது. கூல் என்ற பிணந்தின்னியின் அட்டையில் "நகம் பட்டால் முடக்கம்" என்று மட்டுமே இருக்கிறது. மகனின் பாத்திரம் சாயங்காலம் முழுவதும் முடங்கியே கிடந்ததால் பையன் அழுதுகொண்டே வீடு வந்தான். விற்றவரைக் கேட்கலாமா? (வாசகி, ஜெயநகர்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கூல் என்பது தொடக்க நிலை ஆட்டக்காரர்கள் சந்திக்கும் சாதாரண எதிரி. 2014 விதிகளின்படி, அதன் நகம் பட்டவர் 10 என்ற இலக்கு எண்ணை எட்ட இருபது முகப் பகடையை உருட்டி, அதனுடன் தம் உடல் வலுவுக்கான கூட்டலையும் சேர்த்துக்கொள்வார். இதற்குத்தான் சேவிங் த்ரோ என்று பெயர். எட்டாவிட்டால் முடக்கம் ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று நீடிக்கும், ஆனால் தம் ஒவ்வொரு முறையின் முடிவிலும் அவர் மறுபடி உருட்டலாம். உங்கள் மகனின் பாத்திரத்துக்குக் கூட்டல் இரண்டு என்று வைத்துக்கொண்டால், பகடையில் 8 விழுந்தாலே விடுதலை, அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 65 விழுக்காடு. எல்ஃப் இனத்தவர் என்றால் இந்த முடக்கம் பாதிக்கவே பாதிக்காது. இவ்வளவையும் வெட்டிவிட்டு "முடக்கம்" என்ற ஒரு சொல்லை மட்டும் அச்சிட்டு "முழு விதிகள்" என்று விற்பது தவறான விளம்பரம்.

அந்த விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கூல் போன்ற அடிப்படை எதிரிகளின் முழு விவரமும் அடங்கிய விதித் தொகுப்பைப் பதிப்பாளரே 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார் என்பதையும் பையனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்த விதித் தொகுப்பின் பிடிஎஃப்பை "சிறப்பு விலை" என்று 900 ரூபாய்க்குக் கொடுத்தார். விலை நியாயமா? (வாசகர், மாரத்தஹள்ளி)

பதில்: மேலே உள்ள பதிலின் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: பெரிய சிவப்பு டிராகன் பொம்மையும் அரக்கர் புத்தகமும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் செலவு செய்தேன். முதல் சண்டையிலேயே நண்பர்கள் அனைவரும் செத்து, "இது ஆட்டமே இல்லை" என்று எழுந்து போய்விட்டார்கள். டிராகன் ஒவ்வொரு முறையும் நெருப்பு உமிழ்ந்தது. புத்தகத்தில் "ரீசார்ஜ் 5–6" என்று ஏதோ போட்டிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரலாமா? (வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: தர முடியாது. புத்தகத்தில் எந்தக் குறையும் இல்லை, அதைப் படிக்காமல் ஆட்டம் நடத்தியதற்கு எந்தக் கடைக்காரரும் பொறுப்பாக மாட்டார். "ரீசார்ஜ் 5–6" என்றால், ஒரு முறை நெருப்பை உமிழ்ந்த பிறகு, டிராகனின் முறை தொடங்கும்போதெல்லாம் நீங்கள் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 5 அல்லது 6 விழுந்தால்தான் நெருப்பு திரும்ப வரும், இல்லாவிட்டால் அது நகத்தாலும் பல்லாலும் மட்டும் சண்டை போடும். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதால், சராசரியாக மூன்று சுற்றுக்கு ஒரு முறைதான் நெருப்பு வரும், அந்த இடைவெளியில்தான் உங்கள் நண்பர்கள் அதை நெருங்கி அடித்திருக்க வேண்டும். போட்டிக் கம்பெனியின் பாத்ஃபைண்டர் ஆட்டத்தில் இதே வேலைக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: உமிழ்ந்தவுடன் நான்குமுகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கையளவு சுற்றுகள் காத்திருக்க வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும், ஒவ்வொரு முறையும் நெருப்பு என்பது கிடையாது.

இன்னொன்றையும் நீங்கள் பார்க்கவில்லை. முழு வளர்ச்சியடைந்த சிவப்பு டிராகனின் சவால் எண், அதாவது எதிரி எவ்வளவு கடினமானவர் என்பதற்கான அளவு, 17. அதன் நெருப்பு 60 அடி நீளக் கூம்பாக, உங்கள் கட்டம் போட்ட விரிப்பில் பன்னிரண்டு கட்டம்வரை பாய்ந்து, சராசரியாக 63 சேதம் கொடுக்கும். 21 என்ற இலக்கு எண்ணை எட்டியவருக்கும் பாதி உண்டு. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு மொத்தமே முப்பது சொச்சம் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, இருக்கும் என்றால், அவர் தப்பித்தும் தப்பிக்கவில்லை என்பது உங்களுக்கே விளங்கும். புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள், டிராகன் பொம்மையை இன்னும் சில மாதங்கள் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், நண்பர்களுக்கு ஒரு வேளை பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: அரக்கர்களின் ரீசார்ஜ், முடக்கம், மீதி எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கு வைக்க மாதச் சந்தா கட்டும் செயலி வாங்கலாமா? (வாசகர், ஃப்ரேசர் டவுன்)

பதில்: ஓர் ஆறுமுகப் பகடையும் பென்சிலும் போதும்.

கேள்வி: மந்திர அட்டைகளுக்கு நிறையச் செலவு செய்திருக்கிறேன். என் மிக வலிமையான மந்திரத்தை டிராகன் மேல் ஏவினேன். அது சேவிங் த்ரோவில் தோற்றது. உடனே டி.எம். "லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்" என்று சொல்லி வென்றதாக அறிவித்துவிட்டார். இது மோசடியா? (வாசகி, இந்திராநகர்)

பதில்: மோசடி இல்லை, விதியிலேயே உள்ளதுதான். பெரிய அரக்கர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, தோற்ற சேவிங் த்ரோவை வென்றதாக மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. காரணமும் நியாயமானது: உங்கள் பக்கம் ஐந்து பேர், ஒரு சுற்றில் ஐந்து முறை செயல்படுகிறீர்கள், டிராகன் ஒற்றை ஆள். ஒரே மந்திரத்தில் அது தூங்கிவிட்டால் சண்டை தொடங்குமுன்பே முடிந்துவிடும். இதை ஈடுகட்டவே மற்றவர்களின் முறை முடியும்போது வாலால் அடிப்பது, சிறகை விசிறுவது போன்ற லெஜண்டரி ஆக்‌ஷன்களும் தரப்பட்டிருக்கின்றன. சுற்றுக்கு மூன்று, ஒரு நேரத்தில் ஒன்று, சிறகை விசிறினால் இரண்டு செலவு. ஆகவே சிறிய மந்திரங்களை ஏவி அந்த மூன்று விலக்குகளையும் முதலில் செலவழிக்கவைத்துவிட்டு, பெரிய மந்திரத்தைப் பிறகு எடுங்கள். அட்டைகள் வீண்போகவில்லை. டி.எம். விலக்கைப் பயன்படுத்தும்போது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்கு நற்சான்று. எண்ணிக்கையைச் சொல்லாமல் மறைக்கும் டி.எம்.களைப் பற்றியும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன.

கேள்வி: மேலட்டையில் "நானூறு புதிய அரக்கர்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்ட, பிளாஸ்டிக் உறையிட்ட இறக்குமதிப் புத்தகம் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. பதிப்பகம் பெயர் கேள்விப்பட்டதில்லை. வாங்கலாமா? (வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேலட்டையில் எண்ணிக்கையை எழுதி விற்கும் வழக்கத்தைப் போல என்னை எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை. அரக்கர் புத்தகத்தை எண்ணிக்கை பார்த்து வாங்கக்கூடாது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரே ஒரு சிறப்புத் திறனை எடுத்துக்கொண்டு, அது எப்போது வேலைசெய்யும், எத்தனை முறை, அதிலிருந்து ஆட்டக்காரர் தப்புவது எப்படி என்பதற்கு அந்தப் பத்தியிலேயே பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசாவின் பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு 30 அடிக்குள் தம் முறையைத் தொடங்குபவர் 14 என்ற இலக்கு எண்ணுக்கு உருட்ட வேண்டும். தோற்றால் முதலில் உடல் இறுகத் தொடங்கும், அடுத்த முறையின் முடிவில் இன்னொரு வாய்ப்பு உண்டு, அதிலும் தோற்றால்தான் கல். ஐந்தோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் தோற்றவர் மட்டுமே அப்போதே கல்லாவார். உருட்ட விருப்பமில்லை என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் அடுத்த முறைவரை அவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள், வாள் குறிதவறும். நல்ல வெளிச்சத்தில் அவளுக்கே அவள் பிம்பத்தைக் காட்டினால் அந்தப் பார்வை அவளையே தாக்கும். எஃகுக் கண்ணாடியின் விலை விதிப் புத்தகத்தில் ஐந்து பொற்காசு. ஒரே திறனுக்குள் ஆபத்தும் உண்டு, விலை கொடுத்து வாங்கக்கூடிய மாற்று மருந்தும் உண்டு. ட்ரோல் என்ற அரக்கனும் அப்படியே: ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 ஹிட் பாயின்ட் திரும்பப் பெறும், நெருப்போ அமிலமோ பட்டிருந்தால் அடுத்த முறை பெறாது. தீப்பந்தம் வைத்திருப்பவர் அங்கே ராஜா.

மலிவுச் சரக்கிலிருந்து நல்ல அரக்கன் வராது என்றும் நான் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தை 1974-இல் டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து உருவாக்கிய கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த சில்லறை பிளாஸ்டிக் பொம்மைகளைக் கண்டுதான் ரஸ்ட் மான்ஸ்டர் என்ற துருப்பூச்சி, ஆந்தைக்கரடி போன்றவற்றைக் கற்பனை செய்தார். அந்தத் துருப்பூச்சியை அடிக்கும் மந்திரமற்ற உலோக ஆயுதம், ஒவ்வொரு அடிக்கும் சேதத்தில் ஒன்று இழந்துகொண்டே வந்து, இழப்பு ஐந்தை எட்டியதும் உதிர்ந்துவிடும். வாளை உறையில் போட்டுவிட்டு உலக்கையைத் தூக்க ஆட்டக்காரருக்கு நேரம் இருக்கிறது, எண்ணும் தெளிவாக இருக்கிறது. பொம்மை மலிவு, திறன் முழுமை.

நானும் இப்படி உறைபோட்ட புத்தகம் ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கியவன்தான். உள்ளே ஓர் அரக்கன், "அருகில் உள்ள அனைவரும் தம் முறையை இழப்பர்" என்று ஒரு வரி. எவ்வளவு அருகில், எத்தனை முறை, எந்தப் பகடை என்று எதுவும் இல்லை. அதுபோல நூற்றுக்கணக்கில். உறையைப் பிரிக்க அனுமதிக்காத கடையில், ஒரு மாதிரிப் பக்கத்தையாவது கைப்பேசியில் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: சர்ச் தெருவில் மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் புத்தகத்தைப் புதிய விலைக்கு வாங்கினேன். நண்பர்களின் புத்தகத்தில் ஓநாய், ஓநாய் மனிதன், டிராகன் எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா? (மாணவர், கோரமங்களா)

பதில்: விலையில் ஏமாந்திருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 2014 பதிப்பு, அவர்களிடம் இருப்பது 2025 பிப்ரவரியில் வந்த திருத்திய பதிப்பு. பழையதில் ஓநாய் கடித்தால் கீழே விழாமலிருக்க உருட்ட வாய்ப்பு உண்டு. புதியதில் நடுத்தர உருவம்வரை உள்ளவர் கடிபட்டதும் விழுந்துவிடுவார். பழைய ஓநாய் மனிதனை வெள்ளியோ மந்திரமோ இல்லாத ஆயுதம் தீண்டாது, புதியதில் அந்தக் கவசம் இல்லை. பழைய டிராகனின் குகை ஒவ்வொரு சுற்றிலும், யார் முதலில் என்ற வரிசையின் 20-ஆம் எண்ணில், தானே ஒரு தாக்குதல் நடத்தும். புதியதில் அது நீங்கி, குகைக்குள் இருக்கும் டிராகனுக்கு ஒரு விலக்கும் ஒரு லெஜண்டரி ஆக்‌ஷனும் கூடுதலாகக் கிடைக்கின்றன. பழைய புத்தகம் ஆடுவதற்கு உதவாது என்பதில்லை, மேஜையில் அனைவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டால் போதும். ஆனால் பழைய பதிப்பைப் புதியது என்று சொல்லி விற்றிருந்தால், ரசீதுடன் போய் விலை வித்தியாசத்தைக் கேளுங்கள். ரசீது வாங்கியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் தமிழ்க் குழுவுக்காகக் கொள்ளிவாய்ப் பிசாசை அரக்கனாக எழுதித்தர ஒருவருக்கு 4,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். வந்தது சிவப்பு டிராகனின் விவரம், பெயர் மட்டும் மாற்றியிருக்கிறது. இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. (வாசகர், அல்சூர்)

பதில்: மனம் வருந்துகிறேன், நல்ல எண்ணத்தில் செலவழித்தவர் நீங்கள். டிராகன் விவரம் இலவச உரிமத்தில் உள்ளதுதான், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்தாளலாம், ஆனால் சொந்தப் படைப்பு என்று சொல்லிக் கூலி வாங்கியது சேவைக் குறைபாடு. பேசிய செய்திகளையும் பணம் அனுப்பிய சான்றையும் சேர்த்து எழுத்தில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள், பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் பதியலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அடுத்து யாரிடம் கொடுத்தாலும், நெருப்பின் நீளம், ரீசார்ஜ் எண், இலக்கு எண், பிசாசை விரட்டும் வழி இவை நான்கையும் எழுதித்தந்த பிறகே பாதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஆட்டக்காரன் மட்டுமே, டி.எம். அல்ல. அரக்கர்களின் திறன்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நானும் அந்தப் புத்தகத்தை வாங்கலாமா? (வாசகர், மல்லேஸ்வரம்)

பதில்: வாங்கலாம், மேஜைக்கு எடுத்து வராதீர்கள்.