ஒற்றைத் தந்தி

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாகக் கிட்டார் பழகுகிறேன். திங்களும் புதனும் ஸ்கேல் (ஸ்வர வரிசை), செவ்வாயும் வியாழனும் கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) என்று வகுத்துக்கொண்டிருக்கிறேன். சி மேஜர் ஸ்கேலின் ஐந்து பொசிஷன்களும் (கிட்டாரின் கழுத்தில் அதை வாசிக்கும் ஐந்து இடங்கள்) மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் 120 வேகத்தில் தடங்கலின்றி வருகின்றன. ஆனால் யாராவது ஒரு பாட்டை வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. வேகத்தைக் கூட்டலாமா, மைனர் ஸ்கேலுக்குப் போகலாமா? 41 வயது தடையோ என்றும் அஞ்சுகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

வயதைப் பற்றிய வரியை நான் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகமும் இப்போது பேச்சில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய தந்திகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்; ஐந்து போய் ஒன்று மிஞ்சியபோது என் ஆசிரியரின் நினைவு வந்தது.

நானும் ஐந்து பொசிஷன்களையும் உருப்போட்டுக்கொண்டு அவர் முன் போய் உட்கார்ந்தவன்தான். வாசித்து முடித்ததும், மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாம் தந்தியின் எட்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) விரலை வைத்து, "இது என்ன ஸ்வரம்?" என்று கேட்டார். விரல் வைக்காத திறந்த தந்தியிலிருந்து எண்ணத் தொடங்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மற்ற ஐந்து தந்திகளையும் தளர்த்திவிட்டு, "ஒரு மாதம் இதிலேயே வாசி, ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக்கொண்டே வாசி" என்றார். கட்டணம் கொடுத்துவிட்டு ஒற்றைத் தந்தியா என்று எனக்கு ஆத்திரம்.

ஆனால் அந்தத் தந்தியில்தான் ஸ்கேல் எப்படி நடக்கிறது என்று கண்டேன். பி திறந்த தந்தி. சி முதல் ஃப்ரெட், டி மூன்று, ஈ ஐந்து, எஃப் ஆறு, ஜி எட்டு, ஏ பத்து, பன்னிரண்டில் மறுபடி பி. பிக்கும் சிக்கும், ஈக்கும் எஃப்புக்கும் இடையே ஒரே ஒரு படி, அதாவது ஒரு ஃப்ரெட்; மற்ற இடமெல்லாம் இரண்டு. பொசிஷனுக்குள் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் தந்தி தாண்டித் தாண்டி ஓடும் விரலுக்கு இந்தத் தூரங்கள் தெரிவதே இல்லை. போதாக்குறைக்கு, மற்ற தந்திகள் ஒன்றுக்கொன்று ஐந்து படி விலகியிருக்க, மூன்றாம் தந்தியான ஜிக்கும் இரண்டாம் தந்தியான பிக்கும் இடையே மட்டும் நான்கு. அங்கே வடிவம் ஒரு ஃப்ரெட் நகர்ந்துவிடும். நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது அந்த நெளிவைத்தான், ஸ்வரத்தை அல்ல. வீணை பழகும் பிள்ளைகள் சரளி வரிசையை வாயால் சொல்லிக்கொண்டே மீட்டுவதைக் கேட்டதில்லையா? உங்கள் வாய் ஏன் மூடியிருக்கிறது?

ஸ்கேலுக்கு ஒரு நாள், கார்டுக்கு ஒரு நாள் என்று யார் பிரித்துக்கொடுத்தது? மெல்லிய மூன்று தந்திகளில் மட்டும் சி மேஜர் கார்டைப் பிடித்துப் பாருங்கள். மூன்றாம் தந்தியிலிருந்து ஃப்ரெட் எண்களைச் சொல்கிறேன் (0 என்றால் திறந்த தந்தி): 0, 1, 0, பிறகு 5, 5, 3, பிறகு 9, 8, 8. மூன்றிலும் அதே சி, ஈ, ஜிதான், வரிசை மட்டும் மாறுகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டாம் தந்தியில் ஸ்கேலாகவே ஏறுங்கள்: சியில் தொடங்கி டி வழியாக ஈ, அங்கிருந்து எஃப் வழியாக ஜி. கார்டும் ஸ்கேலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நீங்கள்தான் தனித்தனியே வளர்த்திருக்கிறீர்கள்.

மைனரைக் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் இருக்கும் அதே ஏழு ஸ்வரங்களை ஏயிலிருந்து தொடங்கினால் அது ஏ மைனர்; உருப்போட வேறு பொசிஷன் எதுவும் இல்லை. அந்த ஏ இரண்டாம் தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. எண்ணாமல் விரல் அங்கே போன அன்று எழுதுங்கள்.