கோட் திறந்திருந்தால் திருடனுக்கு வசதியா?

கேள்வி: சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துகிறேன். 6 கணினிகள். விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு, அலுவலக வேலைக்கு லிப்ரேஆபீஸ், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ் என்று திறமூல மென்பொருள்களுக்கு மாறிவிடலாமா என யோசிக்கிறேன். என் மைத்துனர் தடுக்கிறார். "திறமூலம் என்றால் மென்பொருளின் கோடை, அதாவது மூல நிரலை, ஊருக்கே திறந்து காட்டுகிறார்கள், வீட்டு வரைபடத்தைத் திருடன் கையில் கொடுத்த மாதிரி" என்கிறார். வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம் எல்லாம் எங்களிடம் இருக்கிறது. மாறலாமா?

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் மைத்துனரின் பயத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். அதற்குச் சரியான பதில் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது பூட்டுக்கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். சாவி உங்கள் இடுப்பில் இருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை. கணினிப் பாதுகாப்பும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது: முறை வெளியே தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்ற குறியாக்க அறிஞர் எழுதிவைத்தார். மைத்துனரின் ஃபோன் ஆண்ட்ராய்டு என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளிலும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ்தான். மூடிவைத்த கோடு மட்டும் தப்பிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கியது விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக.

அதேசமயம், "ஆயிரம் பேர் கோடைப் பார்க்கிறார்கள், தப்பே நடக்காது" என்பவர்களையும் நான் நம்புவதில்லை. 2014-ல் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழையைப் பாருங்கள். இணையத்தில் பாதுகாப்பான இணைப்புக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை அது. இரண்டு கணினிகள் பேசும்போது, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒன்று கேட்கும்: "வணக்கம், 5 எழுத்து, திருப்பிச் சொல்." மற்றது அதையே திருப்பி அனுப்பும். சரி, "வணக்கம், 64,000 எழுத்து" என்று பொய் சொன்னால்? அந்தப் பக்கக் கணினி எண்ணிப் பார்க்கவே இல்லை. வணக்கத்தைச் சொல்லிவிட்டு, நினைவகத்தில் அதன் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல் இருக்கலாம், ரகசியச் சாவியே இருக்கலாம். நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சின்ன சோதனை விட்டுப்போனதால் வந்த வினை. எல்லோர் கண்ணெதிரே 2 ஆண்டுகள் கிடந்தது. உலகமே சார்ந்திருந்த அந்த மென்பொருளுக்கு அப்போது முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். எனக்கு இன்றும் மனதை உறுத்துவது இதுதான்.

2024-ல் நடந்தது இன்னும் பயங்கரம். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் திறமூலக் கருவியைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவருக்கு உதவுவதாக, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்றார். அப்புறம், பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய அதில் கள்ளக்கதவு வைத்தார். அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். தன் கணினியில் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிக்கொண்டே போனார். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே விஷயம் வெளிப்பட்டது. கோடு திறந்திருந்ததால்தான் அவரால் அடி வரை தோண்ட முடிந்தது. ஆனால் தோண்ட ஓர் ஆள் வேண்டியிருந்ததே!

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: இந்த மென்பொருளை இப்போது யாராவது கவனிக்கிறார்களா, அவர்கள் தரும் திருத்தம் உங்கள் கணினிக்கு வந்து சேர்கிறதா.

முதலாவதற்கு உங்கள் பட்டியலிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஓப்பன்ஆபீஸ், லிப்ரேஆபீஸ் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, 2010-ல் பிரிந்தன. ஓப்பன்ஆபீஸ் 2014-ல் வந்த 4.1 பதிப்பிலேயே நின்று, அவ்வப்போது சிறு திருத்தங்கள் மட்டும் வெளியிடுகிறது. லிப்ரேஆபீஸில் ஆண்டுக்கு இரண்டு புதிய பதிப்புகளும் இடையிடையே திருத்தங்களும் வருகின்றன. பெயர் பழகியது என்று ஓப்பன்ஆபீஸை எடுத்துவிடாதீர்கள். எந்த மென்பொருளானாலும் கடைசி வெளியீட்டுத் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல் திருடுபோனது, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறமூல மென்பொருளின் ஓட்டை வழியாக. திருத்தம் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது, திருட்டு தொடங்கியது மே மாதம். அவர்கள் அதை நிறுவவில்லை, அவ்வளவுதான். வானாக்ரைக்கும் இதே கதை, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே திருத்தம் தந்திருந்தது. மூலையில் எட்டிப்பார்க்கும் அப்டேட் பெட்டியில் "பிறகு" என்று அழுத்தும் பழக்கத்தை உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விடாதீர்கள்.

உபுண்டுவில் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே போடுங்கள். அதற்கு 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. நிறுவும்போது வட்டைக் குறியாக்கம் செய்யவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். மடிக்கணினி திருடு போனாலும் பான் எண்கள் வெளியே போகாது. அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள், மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. மென்பொருள்களை உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டி இறக்க வேண்டாம், பிரபலமான திறமூல மென்பொருள்களின் பெயரில் போலிகள் அங்கேதான் காத்திருக்கின்றன.

டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் லினக்ஸில் தகராறு செய்யலாம். அதனால் ஒரு கணினியில் விண்டோஸ் 11 இருக்கட்டும். முதல் மாதம் ஒரே ஒரு கணினியில் உபுண்டு போட்டு, பழைய எக்செல் கோப்புகளைத் திறந்து கூட்டுத்தொகைகளைச் சரிபாருங்கள். மற்ற நான்கையும் தாக்கல் தேதிகள் நெருக்காத மாதமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.