பம்பருக்குப் பின்னால் உள்ள சேதம்: விபத்துக்குப் பிந்திய திருத்தமும் காப்புறுதியும் பற்றிய கேள்வி பதில்

நான் கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வாகன விபத்து மதிப்பீட்டாளன். வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை மோதிய வாகனங்களைப் பார்த்து, அவற்றின் சேதத்தைப் பதிந்து, காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுவதே நெடுங்காலமாக என் தொழிலாக இருந்தது. அனுப்பப்பட்ட கேள்விகளை இயன்றவரை கேட்டவர்களின் சொற்களிலேயே தந்து பதில் எழுதுகிறேன்.

ஏறாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: செங்கலடிச் சந்திக்கு அருகில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் திடீரென நின்றதால், அதன் பெட்டியின் பின்புறத்தில் என் கார் மோதியது. அன்றே வந்த மதிப்பீட்டாளர் பம்பரையும் ஒரு விளக்கையும் மட்டும் பதிந்து 95,000 ரூபாய் எனக் குறித்தார். கராஜில் பம்பரைக் கழற்றியபோது ரேடியேற்றரைத் தாங்கும் சட்டம் வளைந்திருப்பதும் ஏசி கொண்டென்சர் நசுங்கியிருப்பதும் தெரிந்தன. செலவு மூன்று மடங்காகும் என்கிறார்கள். அந்த மேலதிகத் தொகையை நான்தான் கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இன்றே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். வீதியோரத்தில் நின்று பார்ப்பவருக்கு வெளியே தெரிவது மட்டுமே கண்ணில் படும். அவர் எழுதியது முதல் மதிப்பீடு. அதுவே இறுதியானது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்றைய கார்களின் பம்பர் வெறும் பிளாஸ்ரிக் உறை. அது உள்ளே அமுங்கி, பின்னர் பெரும்பாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் நுரைக் கட்டையும் இரும்புக் குறுக்குச் சட்டமும் அப்படித் திரும்புவதில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் மோதும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பெட்டியின் விளிம்பு அந்தக் குறுக்குச் சட்டத்தை விட உயரத்தில் இருப்பதால், மோதலைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்ட பாகத்தின் மேலாகச் சென்று, பொனற்றையும் ரேடியேற்றரின் மேற்சட்டத்தையும் நேரடியாகத் தாக்குகிறது. ஆகவே உங்கள் காரில் பம்பர் சிறிதளவே வெடித்திருக்க, உள்ளே இத்தனை சேதம் ஏற்பட்டிருப்பதில் வியப்பில்லை.

கராஜ்காரரிடம், கழற்றிய பின்னர் தெரிந்த சேதங்களுக்கென்று தனியாக ஒரு மேலதிக மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, மீள்பரிசோதனைக்கு ஆள் அனுப்பும்படி கேளுங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இலக்கத் தகடும் தெரியும்படி ஒரு படம், ஒவ்வொரு பாகத்தையும் அருகிலிருந்து ஒரு படம் என எடுத்து வையுங்கள். மீள்பரிசோதனை முடியும் வரை ஒரு ஆணியைக்கூட மாற்ற வேண்டாம். முக்கியமாக, "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்னும் வாசகம் உள்ள பற்றுச்சீட்டில், வாகனம் முழுதாகக் கழற்றிப் பார்க்கப்படும் முன்னர் கையொப்பமிடாதீர்கள். அந்த ஒரு கையொப்பத்தினால் தமக்கு உரிய பணத்தை இழந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். இவ்வளவையும் அழுத்திச் சொல்வதற்கு அதுவே காரணம்.

கல்முனையிலிருந்து ஒரு வியாபாரி: எனக்கும் இதே கதைதான். ஆனால் கராஜில் எல்லாவற்றையும் மாற்றி முடித்து, பழைய பாகங்களை இரும்புக்கடைக்கும் கொடுத்துவிட்டார்கள். இப்போது உரிமை கோரலாமா?

பதில்: கோரலாம், ஆனால் பலவீனமான கோரிக்கையாகவே இருக்கும். கழற்றும்போது எடுத்த படங்கள், பாகங்கள் வாங்கிய பற்றுச்சீட்டுகள், கராஜின் கடிதம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். பழைய பாகமே உங்கள் சாட்சி. புதிய பாகத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனம் பழையதைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்பதும் உண்டு.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்: முன் இடது சில்லு பாலத்துக் கட்டில் அடித்தது. காப்புறுதியில் றிம்மும் ரயரும் மாற்றித் தந்தார்கள். இப்போது கார் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு மாதத்திலேயே புது ரயரின் உட்பக்கம் தேய்ந்துவிட்டது. எலைன்மென்ற் இரண்டு முறை செய்தும் சரிவரவில்லை.

பதில்: எலைன்மென்ற் என்பது நேராக இருக்கும் பாகங்களைச் சீராக வைக்கும் வேலை, வளைந்த பாகத்தை அது நிமிர்த்தாது. சில்லில் விழுந்த அடி றிம்மோடு நின்றுவிடுவதில்லை. லோவர் ஆர்ம், சில்லைத் தாங்கும் நக்கிள், ஸ்டியரிங் றாக்கின் முனைத்தண்டு, சொக் அப்சோபரின் தண்டு, இவையனைத்தையும் பொருத்தியிருக்கும் அடிச்சட்டம் என்று வரிசையாக அது கடத்தப்படுகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று சில மில்லிமீற்றர் வளைந்திருந்தாலும் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் தோன்றும்.

எலைன்மென்ற் இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் கம்பர் (சில்லு உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு), காஸ்ரர் (சில்லு திரும்பும் அச்சு முன்னே அல்லது பின்னே சாயும் அளவு), டோ (சில்லின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) என்னும் மூன்று கோணங்கள் இரு சில்லுகளுக்கும் தனித்தனியே இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் டோவை மட்டுமே திருக முடியும். கம்பரிலோ காஸ்ரரிலோ இடமும் வலமும் தெளிவாக வேறுபட்டால் ஏதோ ஒரு பாகம் வளைந்துள்ளது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தத் தாளை இணைத்து, அதே விபத்தின் தொடர்ச்சியாக எழுத்தில் முறையிடுங்கள். பாகங்கள் யாவும் சரியென்று தெரிந்தால், அடுத்து உடற்சட்டத்தை அளக்க வேண்டும். காரின் அடியில், தயாரிப்பாளர் குறித்த துளைகளுக்கிடையே மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். பொதுவாக 3 மில்லிமீற்றர் வரையான வேறுபாடே ஏற்கப்படுகிறது. நம் பகுதியின் நல்ல டிங்கர் பாஸ்மார் கயிறும் தூக்குக் குண்டும் கொண்டு நிலத்தில் புள்ளியிட்டு இதை அளந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொறுமையோடு செய்தால் பெரிய பிழையைக் கண்டுபிடிக்க அதுவும் போதும். ஆனால் வளைந்த சட்டத்தைத் தீயில் காய்ச்சி அடித்து நிமிர்த்த அனுமதிக்காதீர்கள். இன்றைய கார்களின் வலுக்கூடிய உருக்கு, சூடேறினால் தன் வலுவை இழந்துவிடும். அடுத்த விபத்தில் அது தாங்க வேண்டிய அளவுக்குத் தாங்காது.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: மோதியபோது எயார்பேக் விரியவில்லை. அது பழுதா?

பதில்: அவசியம் பழுதென்று இல்லை. மோதலின் திசையையும் வேகம் குறைந்த விதத்தையும் கொண்டே அது விரிகிறது. பக்கவாட்டில் உரசினாலோ மெதுவாக மோதினாலோ முன் எயார்பேக் விரியாமல் இருப்பதே சரி. இக்னிஷனைப் போட்டவுடன் அதற்குரிய எச்சரிக்கை விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது இருக்கிறது. எரியவே இல்லையென்றால் இன்னும் கவனியுங்கள்: பழுதை மறைப்பதற்காக அந்த விளக்கையே யாரோ துண்டித்திருக்கக் கூடும். சீற் பெல்ற்றை இறுக்கும் வெடிமுனையும் ஒருமுறை மட்டுமே வேலை செய்யும். அது இயங்கியிருந்தால் பெல்ற்றை மாற்றியே ஆக வேண்டும். மதிப்பீட்டில் அடிக்கடி விடுபடும் பாகம் இதுதான்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு விவசாயி: இரவில் மாடுகள் குறுக்கே வந்ததால் திருப்பியதில் கார் வயல் வாய்க்காலில் இறங்கி, இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது. கார் ஹைபிரிட் அக்குவா. வெளியே ஒரு கீறலும் இல்லை. ஸ்ராட் பண்ணிப் பார்க்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், முதல் சுழற்சியிலேயே பிஸ்ரனின் தண்டு வளைந்துவிடும். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. தண்ணீரில் விழுந்த வாகனத்தை மீண்டும் இயக்கியதால் விளைந்த சேதத்தை உரிமையாளரின் கவனக்குறைவு என்று கூறி நிறுவனம் மறுக்கவும் இடமுண்டு. உங்கள் காரில் உயர் மின்னழுத்த பற்றரி பின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. இருக்கை மட்டத்துக்கு வந்த தண்ணீர் அதையும் தொட்டிருக்கும். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் எதையும் பயிற்சி பெறாதவர் தொடக் கூடாது. காரைக் கட்டி இழுக்காமல், தூக்கி ஏற்றிச் செல்லும் வண்டியில் கொண்டு செல்லுங்கள்.

அறிவிக்கும்போது நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். மாட்டைத் தவிர்க்கத் திருப்பி, வீதியை விட்டு விலகி, வாய்க்காலில் விழுந்தது ஒரு விபத்து. நிறுத்தி வைத்த காருக்குள் வெள்ளம் புகுவது வேறு. பல பத்திரங்களில் வெள்ளத்துக்குத் தனியாக மேலதிகக் காப்பு எடுத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் அவசரமாக "தண்ணீர் புகுந்தது" என்று மட்டும் எழுதிவிட்டால் உங்கள் கோரிக்கை தவறான பிரிவில் விழும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்: ஏற்கப்பட்ட மதிப்பீடு 6 இலட்சம். எனக்கு வந்ததோ 3 இலட்சத்துக்குச் சற்றே கூட. ஏன்?

பதில்: உங்கள் பத்திரத்தில் காப்புறுதித் தொகை என்ன என்று பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை பெருமளவு ஏறியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இதற்கிடையில் பலர் தவணைக் கட்டணம் கூடுமே என்று பழைய பெறுமதியிலேயே பத்திரத்தைப் புதுப்பித்து வந்தார்கள். 80 இலட்சம் பெறுமதியான காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், குறைகாப்புறுதி நிபந்தனை உள்ள பத்திரத்தில் ஒவ்வொரு கோரிக்கையிலும் பாதியே கிடைக்கும். மிகுதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று கருதப்படுவீர்கள். புதிய பாகங்களுக்கு வாகனத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பதும், உரிமையாளர் ஏற்க வேண்டிய தொடக்கத் தொகையும் இதனுடன் சேரும். எந்தக் கழிவு எவ்வளவு என்று எழுத்தில் விபரம் கேளுங்கள். அதைப் பெறுவது உங்கள் உரிமை. அடுத்த புதுப்பித்தலின்போது சந்தைப் பெறுமதியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர்: பின்னால் இடித்த லொறிச் சாரதி அந்த இடத்திலேயே 30,000 ரூபாய் தந்து முடித்துக்கொள்ளச் சொன்னார். வாங்கிவிட்டேன். இப்போது டிக்கி மூடவில்லை.

பதில்: டிக்கி மூடவில்லையென்றால் பின் தளமோ பக்கப் பலகையோ உள்ளே நகர்ந்திருக்கிறது. அது 30,000 ரூபாயில் அடங்கும் வேலையல்ல. ஏதேனும் எழுதிக் கையொப்பமிட்டீர்களா என்பதைப் பொறுத்தே இனி வழி உண்டு. எதுவும் எழுதவில்லையென்றால், உங்களுடைய முழுக் காப்புறுதி நிறுவனத்துக்கு நடந்ததையும் வாங்கிய தொகையையும் மறைக்காமல் உடனே தெரிவியுங்கள். இனிமேல் யாருக்கும் இப்படி நேர்ந்தால், இரு வாகனங்களும் விபத்து நடந்த நிலையிலேயே இருக்கும்போது படம் எடுத்து, இரு நிறுவனங்களுக்கும் அங்கிருந்தே அறிவித்த பின்னர்தான் வாகனத்தை நகர்த்த வேண்டும். ஒருவருக்கேனும் காயம் இருந்தால் பொலிஸில் முறையிடாமல் விலகக் கூடாது. காயமடைந்தவருக்கு முதலில் 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர்: புதிய பாகத்துக்குக் கணக்கு எழுதி, பழையதையே புட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்துத் தந்து, மிச்சப் பணத்தைப் பங்கிடலாம் என்கிறார் கராஜ்காரர்.

பதில்: மறுத்துவிடுங்கள். அது மோசடி, பிடிபட்டால் முழுக் கோரிக்கையும் தள்ளுபடியாகும். கடற்காற்று வீசும் நம் கரையோரத்தில் புட்டிக்குக் கீழே துரு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பது உங்கள் ஊரில் எவருக்கும் தெரியும். அந்தக் காரில் உங்கள் பிள்ளைகள்தானே பயணம் செய்யப் போகிறார்கள்?

பொத்துவிலிலிருந்து ஒரு வாசகர்: ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் வாங்கப் போகிறேன். முன்பு மோதியதா என்று எப்படி அறிவது?

பதில்: ஏலத்தாளை, அதாவது ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது வாகனத்தின் நிலையைக் குறித்த தாளை, கேளுங்கள். அதில் ஆர் (R) அல்லது ஆர்ஏ (RA) என்னும் தரம் இருந்தால் விபத்துத் திருத்தம் செய்யப்பட்ட வாகனம். தாள் இல்லையென்றால், டிக்கியின் விரிப்பைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். தொழிற்சாலை வெல்டிங் சீரான வட்டப் புள்ளிகளாக இருக்கும். கதவுகளின் இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா, பொனற் ஆணிகளில் அவற்றைக் கழற்றும் சாவி (ஸ்பானர்) பட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு வாசகர்: மறைந்த சேதம் பழைய சேதம் என்று சொல்லி நிறுவனம் மறுத்துவிட்டது. யாரிடம் போவது?

பதில்: மறுப்பை, காரணத்துடன், எழுத்தில் பெறுங்கள். பின்னர் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு எழுதலாம். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். தமிழிலேயே எழுதுங்கள். உடைந்த உலோகத்தின் விளிம்பு பளபளப்பாக இருந்தால் புதிய உடைவு, துருவும் தூசியும் படிந்திருந்தால் பழையது. ஆகவே கழற்றிய நாளில் எடுத்த படமே இங்கு உங்களுக்கு வலுவான ஆதாரம்.

ஆரையம்பதியிலிருந்து ஓர் இளந்தாய்: முன்பக்கம் நசுங்கிய விபத்தில் என் மகளின் குழந்தை இருக்கையும் காரில் இருந்தது. அவள் அதில் இருக்கவில்லை. இருக்கையில் கீறலும் இல்லை. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: காரை அங்கிருந்து ஓட்டிச் செல்ல முடிந்ததா, இருக்கைக்கு அருகிலுள்ள கதவு சேதப்படாமல் இருந்ததா, ஒருவருக்கும் காயமில்லையா, எயார்பேக் எதுவும் விரியவில்லையா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால், அதன் கைந்நூல் தடை சொல்லாதவரை பயன்படுத்தலாம். ஒன்றுக்கேனும் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். அதன் பிளாஸ்ரிக் ஓட்டுக்குள் விழுந்த வெடிப்பு வெளியே தெரியாது. அதன் விலையையும் உங்கள் கோரிக்கையில் சேர்த்து எழுதுங்கள். பழைய இருக்கையின் பட்டிகளை வெட்டிய பின்னரே வீசுங்கள்; வேறொரு தாய் அதை எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது.