சேனலை மாற்றிய அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். மகளுக்கு நான்கு வயது. பிபிசி சின்னக் குழந்தைகளுக்காக நடத்தும் சிபீபீஸ் சேனலை விடாமல் பார்ப்பாள். அதில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஜார்ஜ் வெப்ஸ்டர் என்ற இளைஞர் வந்து பேசுவார். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். போன வாரம் மகள், "அந்த அண்ணா ஏன் அப்படிப் பேசறாங்க?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சேனலை மாற்றிவிட்டேன். மனைவி திட்டினாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவருக்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருது கொடுத்தார்கள் என்று படித்தேன். அது திறமைக்கா, இரக்கத்துக்கா? டிவி பார்க்க நாம் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் பிபிசி இப்படிச் சமூகப் பாடம் எடுக்க வேண்டுமா என்றும் ஒரு சந்தேகம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சேனலை மாற்றியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மைக்காகத்தான் பதில் எழுதுகிறேன். உங்கள் மனைவி திட்டியது சரி. நானும் கொஞ்சம் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அதைக் கட்டுகிறவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

திறமைக்கா, இரக்கத்துக்கா என்று கேட்கிறீர்களே, அவர் வேலை செய்வதை நீங்கள் முழுசாகப் பார்த்தீர்களா? ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள். ஜார்ஜ் வெப்ஸ்டர் லீட்ஸ்காரர், நடிகர், நன்றாக நடனமாடுவார். டவுன் சிண்ட்ரோம் பற்றிய தவறான எண்ணங்களை உடைத்து அவர் பேசிய காணொளி ஒன்று, பிபிசியின் கல்வித் தளமான பைட்சைஸில் வந்தது, பரவலாகப் பார்க்கப்பட்டது. 2021 செப்டம்பரில், இருபது வயதில், சிபீபீஸ் தொகுப்பாளர் ஆனார். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அந்தச் சேனலில் தொகுப்பாளர் ஆனது அதுவே முதல் முறை. அடுத்த வருடமே குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கான பாஃப்டாவில் சிறந்த தொகுப்பாளர். அதே 2022 கிறிஸ்துமஸுக்கு 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' என்ற நடனப் போட்டியின் சிறப்பு நிகழ்ச்சியில் தொழில்முறை நடனக் கலைஞர் ஏமி டவுடனோடு ஆடினார்.

இனி அந்த வேலையைப் பாருங்கள். எதிரே குழந்தை கிடையாது. ஒரு கண்ணாடி லென்ஸ்தான். அதைப் பார்த்து, எங்கோ சோபாவில் படுத்திருக்கும் ஒரே ஒரு குழந்தையோடு பேசுவதுபோலப் பேச வேண்டும். "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டால் உடனே அடுத்த வரிக்குத் தாவக்கூடாது. அந்தப் பக்கம் ஒரு வாய் "மஞ்சள்" என்று சொல்லி முடிக்கும்வரை முகத்தில் ஆர்வம் வடியாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் குழந்தைக்கு ஏமாற்றம், கொஞ்சம் பிந்தினால் அது எழுந்து போய்விடும். குழந்தைகள் அனுப்பும் பிறந்தநாள் அட்டைகளைக் காட்டும்போது ஒரு பெயரைச் சொல்லும் அந்த ஒரு நொடிக்காக ஒரு வீடே காத்திருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு வாய்த் தசைகள் தளர்வாக இருக்கும். பலருக்குக் காது கேட்பதிலும் சிக்கல் உண்டு. தெளிவாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் பயிற்சி இருக்கிறது. உடனே, "ஆகா, தெய்வக் குழந்தை" என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். அவர் வளர்ந்த மனிதர். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்கிறார்.

உங்கள் சேனலிலேயே இன்னொரு கதை உண்டு. 2009இல் செரி பர்னல் அங்கே தொகுப்பாளராக வந்தார். பிறவியிலேயே வலது முன்கை இல்லாதவர். பெற்றோர்கள் சிலர் புகார் எழுதினார்கள். குழந்தைக்குக் கெட்ட கனவு வரும் என்று ஒரு தந்தை சொன்னதாகச் செய்தி வந்தது. குழந்தைகள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செரி 2017 வரை அங்கே இருந்தார். ரிமோட்டைத் தேடுவது எப்போதும் அப்பாக்கள்தான் போலிருக்கிறது.

நான் ரொம்ப நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ள நடிகர்கள் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. டாமி ஜெசப் 2007லேயே பிபிசி நாடகத்தில் முக்கிய வேடம் செய்தார். சாரா கோர்டி 'கால் தி மிட்வைஃப்' தொடரில் நடித்தார். அவர்களை ஏற்றுக்கொள்வது பார்வையாளருக்குச் சுலபம். அந்த முகம் ஏன் திரையில் இருக்கிறது என்பதற்குக் கதையே காரணம் சொல்லிவிடும். நாம் அழலாம், கைதட்டலாம், அத்தோடு எழுந்து போகலாம். தொகுப்பாளருக்குக் கதை கிடையாது. அவர் காரணமே இல்லாமல் வந்து நிற்கிறார். "வாங்க, இன்னைக்கு என்ன செய்யலாம்?" என்று வீட்டுக்காரர்போல வரவேற்கிறார். விருந்தாளி நாம்தான். யாரைப் பார்த்தாலும் பரிதாபப்பட்டே பழகியவர்களுக்கு இந்த இடமாற்றம் தாங்குவதில்லை. "திறமையா, இரக்கமா" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. நாடகத்தில் பார்த்திருந்தால் நீங்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

என் சித்தி மகன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் இதேதான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது அவன் வேலை. வயதானவர்களுக்குத் தலையில் தெளிக்க மாட்டான், குளிர்ந்துவிடும் என்று உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவான். பிள்ளைகளுக்குக் கல்கண்டு எப்போதும் இரட்டையாகத்தான். எல்லோரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவான், ஒருமுறைகூட முறை மாறாது. "சாப்ட்டுத்தான் போகணும்" என்பான். சொல் குழறும், ஆனால் சாப்பிடாமல் போனவர்கள் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நின்றது. பெரியப்பா ஓடிவந்து செம்பை வாங்கி வேறொரு பையன் கையில் கொடுத்தார். "பாவம், நின்னு நின்னு கால் வலிக்கும், உள்ளே போய் இலை எண்ணுடா" என்றார். அந்தப் பையன் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல எல்லார் பட்டுச்சேலையையும் நனைத்தான்.

சித்தி மகன் அன்றைக்குப் பந்தியில் உட்காரவே இல்லை. அத்தனை பேர் கெஞ்சியும் பந்தலுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். "இவனுக்குக் கோபமெல்லாம் வருமா?" என்று பெரியப்பா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவனுக்கு மருந்து வாங்க மாதாமாதம் பணம் கொடுத்தவர். அவன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பான் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். ஜார்ஜ் அந்தக் காணொளியில் மறுத்த எண்ணங்களில் ஒன்று இதுதான்: இவர்கள் எப்போதும் சந்தோஷமாக இருப்பார்கள் என்பது. அதைக் கேட்டபோது எனக்குப் பந்தலுக்குப் பின்னால் நின்றவன் நினைவுதான் வந்தது. இத்தனைக்கும் வாசலில் அவனைப்போல ஆள் நிறுத்த அந்தக் குடும்பத்தில் இன்றுவரை இன்னொருவர் கிடைக்கவில்லை. அதை யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள். "அந்த அண்ணாவுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறக்கும்போதே உடம்பில் ஒரு குரோமோசோம் கூட இருக்கு. அதனால சில வார்த்தை வேற மாதிரி வரும்." நான்கு வயதுக்கு இவ்வளவு போதும். குரலைத் தாழ்த்தாதீர்கள், முகத்தைச் சோகமாக வைக்காதீர்கள். பிள்ளைகள் சொல்லைவிட முகத்தைத்தான் கவனிப்பார்கள். மேற்கொண்டு கேட்டால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் அவளோடு உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். அவர் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தும் இடத்தையும், உங்கள் மகள் பதில் சொல்லும் இடத்தையும் கவனியுங்கள். அதன் பிறகும் விருது இரக்கத்துக்குக் கொடுத்தது என்று தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடுவோம்.

அன்புடன்.