ஓவியரை எப்போது கூப்பிடுவது?

அன்புள்ள ஐயா,

உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். குரல்கள் கேட்பதாகச் சொல்லும் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. முடிவுகளைக் கண்காட்சியாக வைக்க ஓர் ஓவியரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் வழிகாட்டி. இதனால் ஆய்வுக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை வெறும் அலங்காரமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லாம் முடிந்தபிறகு கூப்பிட்டால் அலங்காரம்தான். அதில் தப்பில்லை, கூட்டு ஆய்வு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் இருந்த நெதர்ன் மனநல மருத்துவமனை 1946-ல் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியரை வேலைக்கு எடுத்தது. நோயாளிகள் வரைவதிலிருந்து நோயைக் கணிக்க முடியுமா என்று அங்கிருந்த மருத்துவர்கள் பார்க்க நினைத்தார்கள், அதற்குப் படங்கள் வேண்டும், வரையும்போது கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கூடாது, படத்துக்கு விளக்கமும் சொல்லக் கூடாது என்று அவருக்கு நிபந்தனை. கிட்டத்தட்ட ஆய்வகச் சிப்பந்தி வேலை! ஆனால் அந்த நிபந்தனையே நல்லதாகப் போய்விட்டது என்று நினைக்கிறேன். வருகிறவரை யாரும் எடைபோடாத அறையாக அவருடைய ஓவியக்கூடம் ஆனது. 1981-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். சேர்ந்த படங்கள் சுமார் 1 லட்சம் என்பார்கள், மிஞ்சியவை 5,500 சொச்சம்.

அதே 1946-ல் ரியோ டி ஜெனிரோவில், நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுக்க மறுத்த மருத்துவர் நீசே ட சில்வேரா, அல்மிர் மாவிஞ்ஞெர் என்ற இளம் ஓவியரோடு சேர்ந்து ஓவியக்கூடம் தொடங்கினார். அது 1952-ல் அருங்காட்சியகமாகவே வளர்ந்தது.

உங்கள் தலைப்புக்கு நெருக்கமானது டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் 2022 வரை நடந்த ஆய்வு. தலைமை தாங்கிய சார்லஸ் ஃபெர்னிஹோ உளவியலாளர், நாவலாசிரியரும்கூட. இலக்கியக்காரர்களும் தத்துவக்காரர்களும் குரல் கேட்பவர்களும் அதில் இருந்தார்கள். 181 எழுத்தாளர்களிடம் கேட்டதில் 63 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்களின் குரல் கேட்பதாகச் சொன்னார்கள். குரல் கேட்கிறதா என்று மட்டும் கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். யார் பேசுகிறார், யாரிடம், எந்தத் தொனியில், நாம் சொல்வதைக் கேட்கிறாரா என்றெல்லாம் கேட்பது கதை எழுதுகிறவருக்குப் பழக்கமான வேலை. ஓவியர் வந்தால் கேள்வி இன்னொரு பக்கம் போகும், குரலுக்கு முகம் உண்டா, அறையில் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று.

அதனால் உங்கள் வினாப்பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்றால் அடுத்த கூட்டத்துக்கே ஓவியரைக் கூப்பிடுங்கள். அவர் சம்பளம் பட்ஜெட்டில் இருக்கட்டும், 'நல்ல வாய்ப்பு' என்று சொல்லி ஓசியில் வேலை வாங்க வேண்டாம். அப்புறம், நோயாளிகள் வரையும் படங்கள் யாருக்குச் சொந்தம், கீழே பெயர் போடலாமா என்பதை அவர்களிடமே கேட்டு முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.